இன்னும் ஒரு சீசன் பொறு

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோ சொல்வதைக் கேள், மாடிப்படியில் வீரம் காட்டாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது.

அப்புறம், கடிதத்தில் முக்கால்வாசி உங்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்துக் கோச்சைத் திட்டித் தீர்த்திருக்கிறாய். வந்து ஒரு சீசன்தான் ஆகிறது, அதற்குள் சீட்டைக் கிழிக்கச் சொல்கிறாயே!

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் கதை உனக்கும் தெரியும்தான். 1980இல் ராணுவக் கல்லூரியிலிருந்து மைக் ஷெஷெவ்ஸ்கியைக் கோச்சாகக் கூட்டிவந்தபோது, ராணுவக் கல்லூரியில் அவருடைய கடைசி சீசன் கணக்கு 9 வெற்றி, 17 தோல்வி. டியூக்கில் முதல் வருடம் பழைய ஆட்டக்காரர்களின் தயவில் 17 ஆட்டம் ஜெயித்தார். அடுத்த வருடம் 10, அதற்கடுத்த வருடம் 11. அந்த மூன்றாவது சீசன், அட்லாண்டாவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திடம் 109-66 என்று உதை வாங்கி முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களான இரண்டு பல்கலைக்கழகங்கள் வேறு வயிற்றெரிச்சலைக் கிளப்பின: 1982இல் நார்த் கரோலினா பல்கலைக்கழகம் தேசிய சாம்பியன், 1983இல் என்.சி. ஸ்டேட் (நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகம்) சாம்பியன். அதிலும் என்.சி. ஸ்டேட்டின் கோச் ஜிம் வால்வானோ, ஷெஷெவ்ஸ்கி வந்த அதே 1980இல் வேலைக்குச் சேர்ந்தவர். பணம் கொடுக்கும் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா?

டியூக்கின் விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் அசையவில்லை. அடுத்த சீசன் நடுவிலேயே ஷெஷெவ்ஸ்கியின் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுத்தார். அதை வெறும் பெருந்தன்மை என்று நான் நினைக்கவில்லை. 11 ஆட்டம் மட்டுமே ஜெயித்த அந்த அணியில் ஜானி டாகின்ஸ், மார்க் அலாரி, ஜே பைலஸ், டேவிட் ஹெண்டர்சன் என்று நான்கு முதலாண்டுப் பையன்கள் இருந்தார்கள். வளர்ந்த ஆட்களிடம் தினமும் அடி வாங்கிக்கொண்டிருந்த அதே பையன்கள்தான் 1986இல் 37 ஆட்டம் ஜெயித்து, தேசிய இறுதிப் போட்டியில் லூயிவில் பல்கலைக்கழகத்திடம் மூன்றே புள்ளியில் தோற்றார்கள். முதல் கோப்பை வந்தது 1991இல். பட்டர்ஸ் ஸ்கோரை மட்டும் பார்த்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

'அது அந்தக் காலம்' என்பாய். சரி, அதிலும் நியாயம் இருக்கிறது. இப்போது கல்லூரி மாறினாலும் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டியதில்லை. 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம். அதே லூயிவிலைப் பார். அங்கே கோச்சாக வந்த கென்னி பெய்ன் முதல் சீசனில் 4 வெற்றி, 28 தோல்வி, அடுத்ததில் 8 வெற்றி, 24 தோல்வி. அனுப்பிவிட்டார்கள், தப்பில்லை. அடுத்து வந்த பேட் கெல்சி கிட்டத்தட்ட மொத்த அணியையும் புதிதாகச் சேர்த்து, முதல் சீசனிலேயே 27 ஆட்டம் ஜெயித்துவிட்டார். ஆகவே உங்கள் ஆளுக்கு நான்கு வருடம் கொடு என்று நான் வாதாட மாட்டேன். இரண்டு சீசனாவது கொடு. அதுவரை வெற்றி தோல்விக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, பிப்ரவரியில் அணி நவம்பரில் இருந்ததைவிட ஒழுங்காகத் தடுத்து ஆடுகிறதா, தான் சேர்த்த பையன்களை அவர் களத்தில் விடுகிறாரா, சீசன் முடிந்ததும் அவர்கள் ஓடிவிடாமல் இருக்கிறார்களா என்று பார். நல்ல பையன் ஒருவன் மூட்டை கட்டினால், அப்போது நானும் உன்னோடு சேர்ந்து திட்டுகிறேன்.

அடுத்த கடிதத்தில் முதலாண்டுப் பையன்கள் யார் யார், எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள் என்று எழுது. பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டாச்சா?

அன்புடன்,
முரளி