இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதால் கிடைக்காத காயப் பதக்கம்: பணிப் பதிவேட்டைத் திருத்த வேண்டிப் பதினோராவது மனு

அனுப்புநர்
முன்னாள் சேப்பர், பொறியாளர் படை
(பெயர், முழுப் படை எண், முகவரி ஆகியவை இணைப்பு 1-இல்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: இலங்கையில் இந்திய அமைதி காக்கும் படையில் பணியாற்றியபோது கண்ணிவெடியில் இடது காலை இழந்தது, என் பணிப் பதிவேட்டில் ‘வாகன விபத்து’ என்று தவறாகப் பதிவாகியுள்ளதைத் திருத்தவும், உரிய காயப் பதக்கத்தை (வூண்ட் மெடல்) வழங்கவும் பரிந்துரைக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 2010 முதல் இந்த அலுவலகத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் நான் அளித்த பத்து மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் புளியமரத்து நிறுத்தத்தில், முதல் உலகப் போருக்குச் சென்ற எங்கள் ஊர்க்காரர்களின் எண்ணிக்கை பொறித்த கல்வெட்டுக்குக் கடந்த குடியரசு நாளில் தாங்கள் மாலை அணிவித்தபோது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஊன்றுகோலுடன் நின்றவன் நான். அன்றே மனுவைக் கொடுத்திருப்பேன். விழா நாளில் குறை சொல்ல வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் தடுத்ததால் கொடுக்கவில்லை. மாவட்டப் படைவீரர் வாரியத்தின் தலைவர் என்ற முறையில் தங்களால் ஆகக்கூடிய ஒரு காரியத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

1. நான் 1981-இல் பொறியாளர் படையின் சிப்பாயாகிய சேப்பராகச் சேர்ந்தேன். 1987 ஜூலை 29-இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்ட பிறகு, எங்கள் கம்பெனி பலாலி விமானத் தளத்தில் இறங்கியது. கான்வாய் புறப்படுவதற்கு முன் சாலையில் நடந்து சென்று, மதகுகளுக்கு அடியிலும் புதிதாக மண் கிளறிய இடங்களிலும் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. நாங்கள் கை காட்டிய பிறகுதான் முதல் வண்டி நகரும்.

2. 1988 ஜனவரியில், சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் இடையே கண்டி வீதியில், ஒரு மதகுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு மேலே ஏறிய நேரத்தில் வெடித்தது. பனங்கூடலுக்குள் வயர் இழுத்துவைத்து அங்கிருந்து இயக்கியிருக்கிறார்கள் என்று பிறகு சொன்னார்கள். ஹெலிகாப்டரில் பலாலிக்கும் அங்கிருந்து விமானத்தில் சென்னைக்கும் கொண்டுவரப்பட்டேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. வலது தொடையில் புகுந்த இரும்புத் துணுக்குகளில் எடுக்க முடிந்தவற்றை எடுத்தார்கள், மூன்று இன்னும் உள்ளே இருக்கின்றன. புனேயில் உள்ள செயற்கை அவய மையத்தில் கால் பொருத்தி நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1989-இல் விடுவிக்கப்பட்டு ஊர் வந்தேன்.

3. தவறு நடந்த விதம் இதுதான். எங்கள் கம்பெனியில் என் பெயரிலேயே இன்னொரு சேப்பர் இருந்தார், தேனிப் பக்கத்துக்காரர். ஒரே பெயர்க்காரர்கள் இருந்தால் படை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சேர்த்துக் கூப்பிடுவது படையில் வழக்கம். எனக்கு 61, அவருக்கு 16. நான் காயம்பட்ட அதே வாரத்தில், கிளிநொச்சிப் பக்கம் மூன்று டன் லாரி ஒன்று கவிழ்ந்ததில் அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. இரண்டு செய்திகளும் ஒன்றாக ஆவண அலுவலகத்துக்குப் போய், பார்ட் 2 ஆர்டர் (வீரர்களின் காயம், விடுப்பு முதலியவற்றைப் பதியும் உத்தரவு) எழுதும்போது 61 என்பது 16 ஆகவும், 16 என்பது 61 ஆகவும் மாறிவிட்டன. என் ஷீட் ரோலில் (பணிப் பதிவேட்டில்) ‘வாகன விபத்து’ என்றும், அவருடையதில் ‘பகைவர் நடவடிக்கையில் காயம்’ என்றும் ஏறிவிட்டது. காயப் பதக்கத்துக்கான தகுதியும் அவர் பெயரிலேயே பதிவாயிற்று. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆயிரக்கணக்கான பெயர்களை எழுதிய ஒரு கை ஒரு நாள் அசந்துவிட்டது, அவ்வளவுதான்.

4. இத்தனை ஆண்டு ஏன் சும்மா இருந்தாய் என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்கிறார்கள். இரண்டு காரணங்கள் உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான் வாசித்துப் பார்க்கவில்லை. ஓய்வூதியம் வந்தது, போதும் என்று பெட்டியில் வைத்துவிட்டேன். இரண்டாவதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1990 மார்ச் 24-இல் கடைசி அணியும் திரும்பியபோது தமிழ்நாட்டில் அந்தப் படையை வரவேற்கும் மனநிலை இல்லை என்பது தாங்கள் படித்தறிந்ததுதான். நான் அதற்கு முன்பே ஊர் வந்தவன். கால் எங்கே போயிற்று என்று கேட்டவர்களிடம் இலங்கை என்றால் முகம் மாறும், சிலர் எழுந்தே போய்விடுவார்கள். அவர்கள் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. கிணற்றடியில் எனக்குத் தண்ணீர் வார்த்து, ‘தமிழ்ப் பிள்ளையா தம்பி, நீங்களும் வந்திட்டீங்களோ’ என்று கேட்ட சாவகச்சேரி அம்மாவின் குரல் எனக்கும் காதில் இருக்கிறது. உத்தரவு வந்தது, போனேன், காலை விட்டுவிட்டு வந்தேன். அதனால் எதையும் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். வீட்டில் என் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் சொல்லியிருந்தேன்.

5. எனக்கு மிகவும் வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 2010-இல் என் மகள் பொறியியல் கலந்தாய்வுக்காகச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்தாள், நானும் உடன் போனேன். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில், போர் நடவடிக்கையில் உறுப்பிழந்து விடுவிக்கப்பட்டவரின் பிள்ளைகள் முன் வரிசையிலும், பணிக்காலத்தில் வேறு வகையில் ஊனமுற்றவரின் பிள்ளைகள் அதற்குப் பின்னாலும் வருவார்கள். நாங்கள் முன் வரிசைக்குரிய பெஞ்சில் உட்கார்ந்தோம். சான்றிதழ் பார்த்தவர் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்து, ‘ஐயா, உங்களுக்கு வாகன விபத்து என்றுதான் இருக்கிறது, அந்தப் பக்கம் போய் உட்காருங்கள்’ என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் கால்சட்டையை மேலே தூக்கிச் செயற்கைக் காலைக் காட்டினேன். அம்மா, அத்தனை பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் காட்டினேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு, ‘கால் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை, காரணம்தான் வேறாக இருக்கிறது’ என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. காகிதத்தில் இருந்ததைத்தான் அவர் படித்தார்.

நாங்கள் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போனோம். அவள் விரும்பிய கல்லூரி அவளுக்குக் கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது, படித்து முடித்துவிட்டாள், அதைப் பற்றி எனக்கு இப்போது புகார் இல்லை. அன்று இரவு ஊர் திரும்பும் பேருந்தில், விளக்கை அணைத்த பிறகு, அவள் மெதுவாக, ‘அப்பா, வெடியில் போனது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?’ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். என்னைப் பொய்யன் என்று அவள் நினைத்தாளா, நினைக்கவில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, அதைக் கேட்க எனக்குத் துணிவும் வரவில்லை. இப்போது அவளுடைய மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ‘தாத்தா லாரியிலிருந்து விழுந்தாரா?’ என்று போன மாதம் கேட்டான். யார் சொல்லி அவனுக்குத் தெரிந்தது? என் சொந்த வீட்டில் அந்தக் காகிதம் பேசுகிறது அம்மா.

6. சான்றுகள் இல்லாமல் நான் பேசவில்லை. (அ) 2013-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி, முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு பெற்ற என் ஷீட் ரோல் நகலில், அந்தப் பதிவுக்கு எதிரே எழுதியுள்ள படை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் அடித்துத் திருத்தப்பட்டிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. (ஆ) என்னை விடுவித்த மருத்துவக் குழுவின் அறிக்கை, தொடையில் உலோகச் சிதறல்கள் இருப்பதாகக் கூறிவிட்டு, அடுத்த பத்தியிலேயே காரணம் வாகன விபத்து என்கிறது. (இ) இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதுகு வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சென்றபோது, உடம்பில் இரும்பு இருப்பதால் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பி எழுதிக் கொடுத்த சீட்டு. (ஈ) எல்லாவற்றையும்விட முக்கியமானது, தேனிக்காரர் 2016-இல் நோட்டரி முன்பு இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கொடுத்த வாக்குமூலம்.

அந்த நான்காவது சான்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பதக்கம் தன் பெயரில் வந்திருப்பதாகக் கடிதம் வந்தபோதே, ‘இது என்னுடையதல்ல, 61-க்கு உரியது’ என்று எழுதிப்போட்டிருக்கிறார். பதில் வரவில்லை. பதக்கத்தை அவர் வாங்கவும் இல்லை, மார்பில் அணியவும் இல்லை. என் முகவரியை விசாரித்துத் தெரிந்துகொண்டு, சர்க்கரை நோயோடு, இரண்டு பேருந்து மாறி எங்கள் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 2021-இல் அவர் காலமாகிவிட்டார். அவரை இனி எந்த விசாரணைக்கும் கூப்பிட முடியாது. ‘சம்பந்தப்பட்ட நபரை நேரில் ஆஜர்படுத்தவும்’ என்று அதற்குப் பிறகு எனக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கிருந்து ஆஜர்படுத்துவேன்?

7. பத்து மனுக்களுக்கு வந்த பதில்களை அடுக்கி வைத்திருக்கிறேன். நான்குக்குப் பதிலே இல்லை. மூன்றுக்கு ‘உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற அச்சிட்ட சீட்டு. ஒன்றுக்கு, காலக்கெடு முடிந்த கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில். ஒன்றுக்கு, ‘ஆவணங்களின்படி மனுதாரர் வாகன விபத்தில் காயமுற்றவர், எனவே மனு ஏற்கத்தக்கதல்ல’ என்று பதில். ஆவணம் தவறு என்று மனுக் கொடுத்தால், ஆவணத்தைப் பார்த்தோம், ஆவணம் சரி என்கிறது ஆவணம் என்று பதில் எழுதினால் நான் எங்கே போவது? பத்தாவது மனுவை ஓய்வூதியக் கோரிக்கை என்று தவறாகப் பிரித்து வேறு துறைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. போர்க்காயத்துக்கான ஓய்வூதியம் கூடுதல் என்பது எனக்குத் தெரியும், சட்டப்படி வந்தால் வரட்டும், வராவிட்டால் அதற்காக நான் வழக்குப் போடப் போவதில்லை.

8. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாடியில் இருப்பதும், லிப்ட் இல்லாததும், இருபத்து மூன்று படிகள் என்பதும் தாங்கள் அறிந்ததே. ரயில்வே கேட் மூடிவிட்டால் நகரப் பேருந்து நிற்கும் மேட்டில் இறங்கி நடந்துதான் வர வேண்டும். வெயிலில் செயற்கைக் காலின் விளிம்பு புண்ணாகிவிடும். இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. பதினைந்து ஆண்டுகளில் எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று கணக்குப் பார்த்தால், சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் நடந்ததைவிட அதிகமாக இருக்கும்.

9. ஆகவே நான் கேட்பது: தாங்கள் ஒரு நேர்முகக் கடிதம், ஒரே ஒரு கடிதம், எங்கள் படைப்பிரிவின் ஆவண அலுவலகத் தலைமை அதிகாரிக்குத் தங்கள் கையொப்பத்துடன் எழுத வேண்டும். இரண்டு ஷீட் ரோல்களையும் ஒன்றாக மேசையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரியாகத்தான் தெரியும். அதனால்தான் பத்து முறையும் தவறு பிடிபடவில்லை. ஒன்றாகப் பார்த்தால் காறை எலும்பு முறிந்தவருக்குக் கண்ணிவெடியும், கால் போனவனுக்கு லாரியும் எழுதியிருப்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

10. மருத்துவரை வைத்துச் சோதிக்க வேண்டுமென்றால் எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். தொடையை அறுத்து இரும்பை எடுத்துப் பார்ப்பதானாலும் சம்மதம்.

11. கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டுகிறேன். தேனிக்காரரின் குடும்பத்துக்கு இதனால் எந்த இடையூறும் வரக்கூடாது. அவர் மனைவி பெறும் குடும்ப ஓய்வூதியத்தில் கை வைக்கக் கூடாது என்பதையும் அந்தக் கடிதத்தில் சேர்த்து எழுதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அது முடியாதென்றால் என் மனுவை இப்படியே கிழித்துப் போட்டுவிடலாம்.

முடியுமென்றால், அம்மா, 61-ஐ 61 என்று எழுதச் சொல்லுங்கள். பதக்கம் தபாலில் வந்தாலும் போதும், விழா வேண்டாம். என் பேரன் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டான்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(கையொப்பம்)
முன்னாள் சேப்பர், 61

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் நேரில் அளிக்கப்படுகிறது. ஒப்புகைச் சீட்டு தந்து உதவ வேண்டுகிறேன். சென்ற முறை தரவில்லை.