கம்மியா பரிமாறினவங்களுக்கு என் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரைப் பக்கம் கல்யாண சமையல் பண்றவன், மாஸ்டர்னு சொன்னாத்தான் நிறைய பேருக்கு என்னைத் தெரியும். போன வருஷம் எடை குறைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், அதுல கேஸ்ட்ரிக் பைபாஸ்னு ஒரு வகை. 128 கிலோ இருந்தவன் இப்ப 91. சுகர் மாத்திரை நின்னுருச்சு, தூக்கத்துல மூச்சு அடைக்காம இருக்க ராத்திரி மூஞ்சியில மாட்டிக்கிட்டு தூங்குவேனே அந்த சிபாப் மெஷின், அதுவும் இனி வேண்டாம்னு மறுபடி டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு சொல்லிட்டாங்க. பாக்குறவங்க எல்லாம் டாக்டர் பேரைக் கேக்குறாங்க. டாக்டருக்கு நன்றி சொல்லாம இருப்பேனா, சொல்றேன், ஆனா இந்த மடல் முக்கியமா எனக்கு சோறு கம்மியா போட்டவங்களுக்குத்தான். நம்ம ஊர்ல பாசத்தைக் காட்டுறதே இன்னொரு கரண்டி வைக்கிறதுலதான் இருக்கு, அந்தக் கரண்டியை எனக்காக நிறுத்தினாங்க பாருங்க, அது அவங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு அடுப்படியிலயே வாழ்றவனுக்குத் தெரியும்.

முதல்ல டாக்டர். நடைப்பயிற்சி, பேலியோ டயட்டு, ராத்திரி சாப்பிடாம இருக்கிறது எல்லாம் பாத்தாச்சு, குறையும், திரும்ப வந்துரும், வர்றப்ப ரெண்டு கிலோ சேத்தே வரும். வாயைக் கட்ட முடியலையான்னு கேக்காத ஆளே கிடையாது. இவங்க மட்டும்தான் உக்கார வச்சு சொன்னாங்க, எடை குறைஞ்சா உடம்பு அதை ஆபத்துன்னு நினைச்சு பசியைத் தூண்டுற ஹார்மோனைக் கூட்டும், செலவழிக்கிற சக்தியைக் குறைக்கும், பழைய எடைக்கே இழுக்கப் பாக்கும், இவ்வளவு எடைக்கு அப்புறம் மனசு வச்சா மட்டும் ஜெயிக்கிறது ரொம்பக் கஷ்டம்னு. அதைக் கேட்டப்ப கண்ணு கலங்கிருச்சு எனக்கு, வீட்டம்மா பக்கத்துல இருந்துச்சு அதுக்கும்தான்.

புது வைத்தியமோ, நம்ம மேல சோதனை பண்றாங்களோன்னு எங்க சித்தப்பா பயந்தாரு. அவருக்கும் பொறுமையா சொன்னாங்க, 1966-லயே அமெரிக்காவுல அயோவா யுனிவர்சிட்டியில எட்வர்ட் மேசன்னு ஒரு சர்ஜன் இதை ஆரம்பிச்சிட்டாருன்னு. அல்சருக்காக வயித்துல ஒரு பகுதியை எடுத்தவங்க மெலிஞ்சு போறதைப் பாத்துதான் அவருக்கு அந்த யோசனையே வந்துச்சாம். இப்ப பண்றது சின்னச் சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப்பில. வயித்தோட மேல்பக்கம் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் பிரிச்சு, அதை நேரா சிறுகுடல்ல கொண்டு போய் இணைச்சிருவாங்க, மிச்ச வயிறு உள்ளயே இருக்கும், சாப்பாடு மட்டும் அது வழியா போகாது. வயித்துல பெரும்பகுதியை வெட்டி எடுக்குற ஸ்லீவ்னு இன்னொரு வகையும் இருக்கு, எனக்கு நெஞ்செரிச்சல் பயங்கரமா இருந்ததாலயும் சுகர் இருந்ததாலயும் பைபாஸே நல்லதுன்னு முடிவு பண்ணுனோம். தையல் போட்ட இடம் கசியலாம், கால்ல ரத்தம் கட்டலாம், ஆயுசுக்கும் விட்டமின் மாத்திரை போடணும்னு ஆபத்து எல்லாத்தையும் ஒளிக்காம முன்னாடியே சொன்னாங்க, அதனாலதான் நம்பி சரின்னேன். சுகர் விஷயம்தான் ஆச்சரியம், எடை குறையறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில இருக்கப்பவே இறங்க ஆரம்பிச்சிருச்சு, குடல்ல சுரக்குற ஹார்மோன் மாறுறதாலன்னாங்க.

பணம். இன்சூரன்ஸ் தராதுன்னுதான் நான் விட்டுட்டேன். கூட்டாளியோட மருமகன் அந்தத் தொழில்ல இருக்காரு, அவருதான் 2019-ல இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ போட்ட விதியை எடுத்துக் காட்டுனாரு, டாக்டர் எழுதிக் குடுத்து, உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டுற பிஎம்ஐ 40-க்கு மேல இருந்தா, இல்ல 35-க்கு மேல இருந்து அடங்காத சுகர், இதய நோய், தூக்கத்துல மூச்சு அடைக்கிறது மாதிரி பெரிய வியாதி இருந்து மத்த வழி எல்லாம் பலிக்காம போயிருந்தா பாலிசியில இதைச் சேத்துக்கணும்னு. என்னுது 43. பேப்பர் எல்லாம் அவரே வரிசையா அடுக்கிக் குடுத்தாரு, ஒரு டீ கூட வாங்கிக்கிடலை. தம்பி, நீங்க நல்லா இருக்கணும்.

ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி வார்டுல இருந்த சிஸ்டருக்கு. வலியில முனகிக்கிட்டு படுத்திருந்தவனை எந்திரிங்கண்ணே, நடந்தாத்தான் ரத்தம் கட்டாதுன்னு கையைப் பிடிச்சு வராண்டாவுல நடக்க வச்சாங்க, மூணு பந்து இருக்கிற அந்த மூச்சுப் பயிற்சி சாமானை மணிக்கொரு தடவை கையில குடுத்து மூச்சை உள்ள இழுங்கன்னு நின்னாங்க. பேரு கூட கேட்டு வச்சிக்கிடலை. இதை யாராவது காட்டுனா, அந்த மூச்சு உங்களாலதான்னு சேத்து சொல்லிருங்க.

டயட்டீஷியன் மேடத்துக்கு எழுதணும்னா ஒரு நோட்டு பத்தாது. ஓட்ஸ், சூப், புரோக்கோலின்னு அச்சடிச்ச பேப்பரை ஓரமா வச்சிட்டு, உங்க வீட்டுல என்ன இருக்கும் சொல்லுங்கன்னு கேட்டு, எங்க சமையலுக்குள்ளயே ஒரு வழி போட்டுக் குடுத்தாங்க. முதல்ல தெளிஞ்ச ரசம், வடிகட்டுன பருப்புத் தண்ணி, வாய் வாயா. அப்புறம் மோர், ஆடை எடுத்த பால், புரோட்டீன் பவுடர். அடுத்து மிக்ஸியில அடிச்சது, குழைஞ்ச பாசிப்பருப்பு, முள்ளெடுத்து அவிச்ச மீனு. அதுக்கும் அப்புறம்தான் முட்டை, இட்லி, கெட்டித் தயிர். வழக்கமான சாப்பாட்டுக்கு வரவே ரெண்டு மாசம் கிட்ட ஆயிருச்சு. ஒரு நாளைக்கு 60-ல இருந்து 80 கிராம் புரதம் போகணும், ஆனா வயிறு கொள்ற அளவு ஒரு கிண்ணம், ஒரு முட்டையில இருக்கிறதே ஆறு கிராம்தான், அப்ப எதை முதல்ல சாப்பிடணும்ங்கிறதுதான் பெரிய விஷயம். முட்டை, மீன், பருப்பு முதல்ல, காய் ரெண்டாவது, சோறு கடைசி, இடம் இருந்தா மட்டும். வெள்ளைச் சோறு உள்ள போயி கட்டியா நிக்கும், காஞ்ச சிக்கன் நெஞ்சுலயே உக்காந்துக்கிடும், மென்னு கூழாக்கித்தான் முழுங்கணும். சாப்பிடுறப்ப தண்ணி கிடையாது, முடிச்சு அரை மணி நேரம் கழிச்சுதான். சோறு மலை மாதிரி குமிச்சு நடுவுல குழி பண்ணி சாம்பாரை ஊத்திப் பழகுன ஆளுக இதைப் படிச்சா நான் பட்டது புரியும். பசி இல்லாத நாள்லயும் நேரத்துக்கு சாப்பிடணும், நிறைஞ்சிருச்சுன்னு உடம்பு சொன்ன அடுத்த வாய் எடுக்கக் கூடாது, இதை அவங்க எனக்கு திட்டாம சொல்லிக் குடுத்தாங்க, எப்ப போன் பண்ணாலும் எடுத்தாங்க.

எங்க டீமு. ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கல்லீரல் சுருங்குறதுக்காக கடுமையான டயட்டு, அது கொழுப்பேறி பெருத்திருந்தா வயித்தை மறைச்சுக்கிடுமாம், முடிஞ்ச பிறகு அண்டா குண்டா எதையும் தூக்கக் கூடாது. புடிச்ச ஆர்டர் எதையும் விடாம, என் பேருக்கு ஒரு குறை வராம நடத்திக் காட்டுனாங்க எங்க புள்ளைங்க. அதை விடப் பெருசு உப்பு பாக்குறது. சாம்பார், கூட்டு, குருமான்னு ஒவ்வொண்ணா ஒரு கரண்டி உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பாத்தே ஒரு வேளைச் சாப்பாடு எனக்குள்ள போயிரும் முன்னாடி. இப்ப நான் வாசனையும் நிறமும் பாக்குறேன், நாக்கு நுனியில ஒரு சொட்டு, அவ்வளவுதான். மிச்சத்துக்கு காய் வெட்டுற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, இருபது வருஷமா எங்கூட இருக்காங்க, அவங்க நாக்குதான் இப்ப என் நாக்கு. அக்கா, அரை உப்பு கம்மி மாஸ்டர்னு நீங்க சொல்றதை நம்பித்தான் ஆயிரம் பேர் பந்திக்கு இலை போடுறேன்.

இனிப்புல இன்னும் கஷ்டம். பைபாஸ் பண்ணவங்களுக்கு சர்க்கரை சட்டுன்னு குடலுக்குள்ள இறங்கிரும், படபடன்னு வரும், வேர்த்துக் கொட்டும், வயித்தைப் பிசையும், டம்பிங்னு பேரு. ஜாங்கிரிக்குப் பாகு பதம் விரல்லயே பாத்துருவேன், பாயசத்துக்கு அது ஆகாது. அதைப் பாக்குற பொறுப்பைத் தானா எடுத்துக்கிட்டு, எனக்குத் தெரியாம எனக்கு வர்ற டம்ளரையும் தள்ளி வச்ச தம்பிக்கு நன்றி. இத்தனை வருஷம் உன்னை சின்னப் பையன்னே நினைச்சிட்டு இருந்தேன்டா.

தெரு முக்கு மெடிக்கல் அண்ணே. மூட்டு வலிக்கு மாத்திரை வாங்குற வழக்கம் உங்ககிட்டதான். டைக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபென் வகை இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் ஆகாது, இணைச்ச இடத்துல புண்ணு வந்துரும்னு சீட்டுல எழுதி இருந்ததைப் படிச்சிட்டு உங்க கடைப் பையங்ககிட்டயும் சொல்லி வச்சிட்டீங்க, இவருக்கு குடுக்காதீங்கன்னு. வியாபாரத்தைப் பாக்கலை நீங்க.

திண்டுக்கல் அக்காவுக்கும் ஒரு கும்பிடு. எனக்கு முன்னாடி இதே ஆபரேஷன் பண்ணவங்க, மூணு நாலு மாசத்துல முடி கொட்டும் பயப்படாத, அப்புறம் வளரும், நடுவுல எடை நின்னுரும் அப்பவும் பயப்படாதன்னு அவங்க சொன்னபடியேதான் எல்லாம் நடந்துச்சு. குறுக்கு வழியில மெலிஞ்சிட்டான்னு சிலர் பேசுனப்ப, நீ சாப்பிடுறதை ஒரு வாரம் அவங்களை சாப்பிடச் சொல்லுன்னு எனக்காக சண்டை போட்டதும் அவங்கதான்.

சமையலுக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரங்க. மாஸ்டரே சாப்பிடலைன்னா எப்படின்னு இலை போட்டு உக்கார வைக்கிறது நம்ம பழக்கம், மரியாதை அது, குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பொண்ணோட அப்பா, திருமங்கலம் பக்கம், விஷயம் கேள்விப்பட்டு, முகூர்த்தக் கூட்டத்துக்கு நடுவுலயும் என்னைத் தேடி வந்து உங்களுக்கு என்ன ஆகும் சொல்லுங்கன்னு கேட்டாரு. கொஞ்சம் சுண்டல், கொஞ்சம் தயிர்னேன். தனியா ஒரு கிண்ணத்துல வாங்கிட்டு வந்து, பக்கத்துல உக்காந்து, நான் மெதுவா மென்னு முடிக்கிற வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தாரு. அதை விட பெரிய விருந்து எனக்கு யாரும் வச்சதில்லை.

வீட்டம்மாவுக்கு. காலையில இரும்பு மாத்திரை, ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் கால்சியம் சிட்ரேட், இரும்போட டீ கூடாது, விட்டமின் பி12 எப்ப, ரத்த டெஸ்ட் எப்ப, எல்லாம் அது மண்டையில இருக்கு, எனக்கு எதுவும் தெரியாது. தட்டை எல்லாம் பரணுல ஏத்திட்டு வீட்டுல எல்லாருக்கும் சின்னத் தட்டா மாத்துச்சு, நான் மட்டும் தனியா தெரியக் கூடாதுன்னு. புள்ளைங்களும் அதுலயே சாப்பிடுதுங்க.

அம்மா, உனக்கு யாராவது படிச்சுக் காட்டுவாங்கன்னுதான் இதை எழுதுறேன். எனக்கு கறிக்குழம்பை ஊத்திட்டு நான் சாப்பிடுறதையே பாத்துக்கிட்டு நிப்ப நீ. ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்ப எம்புள்ளை சோறு திங்க முடியாம போயிருச்சேன்னு அடுப்படியில உக்காந்து அழுத, எனக்குக் கேட்டுச்சு. ஆனாலும் மீனு குடுக்கலாம்னு சொன்ன நாள்ல இருந்து நீயே அயிரை மீனை வேக வச்சு, நல்லா மசிச்சு, வெஞ்சனக் கிண்ணத்துல ரெண்டே ஸ்பூன் வச்சு, போதுமாய்யான்னு கேட்ட. போதும்மான்னேன். நீ மேல வைக்கலை. உனக்கு அது எப்படி முடிஞ்சுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

தோல் கொஞ்சம் தொங்குது, மூட்டு இன்னும் முழுசா சரியாகலை, டாக்டர்கிட்ட தவறாம போய்க்கிட்டு இருக்கேன். இந்த ஆபரேஷனை யோசிக்கிறவங்க, பண்ணிட்டு சாப்பாட்டுல தடுமாறிக்கிட்டு இருக்கிறவங்க யாரா இருந்தாலும் எங்கூட பேசுங்க, டாக்டர் சொல்றதை நான் சொல்ல முடியாது, நான் என்ன சாப்பிட்டேன் எப்படி சாப்பிட்டேன்னு சொல்லுவேன். சாயங்காலமா கூப்பிடுங்க, முகூர்த்த நாள்ல மட்டும் போன் எடுக்க முடியாது.