பேட்டரியை மாற்றும் முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மணப்பாறையிலிருந்து வாரம் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்காகத் திருச்சிக்குக் காரில் கூட்டிப்போகிறேன். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால்தான் முதல் ஷிப்டில் படுக்கை கிடைக்கும். கார் பதினோரு வருஷப் பெட்ரோல் வண்டி. இந்த வண்டியின் சார்ஜிங் கோளாறு ஒன்று மூன்று மாதம் எங்களை அலைக்கழித்தது. அதைக் கண்டுபிடித்த விதம் நாலு பேருக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டது. நாலு மணி நேரம் டயாலிசிஸ் முடிந்து அம்மா துவண்டுபோய் சீட்டில் சாய்ந்திருக்கிறார், சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், செல்ஃப் எடுக்கவில்லை. யாரோ இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள், ஊர் வந்து சேர்ந்தோம். பேட்டரிக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது, சரி, ஆயுள் முடிந்திருக்கும் என்று புதிது போட்டேன். மூன்றே வாரத்தில் அதே 'டொக்'. அதற்குள் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு அவ்வப்போது எரிவதையும் கவனித்திருந்தேன். எரியும், இரண்டு கிலோமீட்டர் போனதும் அணையும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஒருநாளும் எரியாது.

ஒரு ஒர்க்ஷாப்பில் மீட்டர் வைத்துப் பார்த்து 14.1 வோல்ட் வருகிறது, ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் மட்டம் என்றார்கள், இன்னொரு பேட்டரி வாங்கினேன். அடுத்த ஒர்க்ஷாப்பில் ஆடியோ செட்தான் கரண்டைத் திருடுகிறது என்று அதைக் கழற்றினார்கள். மூன்றாவது இடத்தில் டைனமோவை முழுசாக மாற்றச் சொல்லி 14,000 ரூபாய் கேட்டார்கள். இவர்களில் யாரும் கோளாறு வந்திருக்கும் நேரத்தில் அளக்கவே இல்லை, எனக்கு வருத்தமே அதில்தான். ஆறின என்ஜினை ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷம் அளந்தால் என் வண்டி எப்போதும் 14.1 தான் காட்டும்.

கடைசியில் திருச்சியில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன், வயசு எழுபதுக்குப் பக்கம் இருக்கும். அவர் பானெட்டையே திறக்கவில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடின பிறகு விளக்கு எரிகிறது, சூட்டிலா குளிரிலா, மழையிலா, ஹெட்லைட் போட்டிருக்கும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா என்று கேட்டுக்கொண்டே போனார். பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. "தம்பி, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுற சின்ன வோல்ட் மீட்டர் விக்குது, ஒண்ணு வாங்கிப் போட்டு ஒரு வாரம் எழுதி வாங்க. வரும்போது வண்டியை ஆற விடாதீங்க, ஓடின சூட்டோட வாங்க" என்றார்.

250 ரூபாய்க்கு வாங்கினேன். நான் ஓட்ட, அம்மா பக்கத்து சீட்டில் இருந்து எண்ணைப் படித்து எழுதினார். தன் எடையும் பிரஷரும் எழுதி வைக்கும் டயாலிசிஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான். 5.05: 14.2. 5.20: 14.0. 5.40, ராம்ஜி நகர் நெருங்கும்போது: 12.3, விளக்கு எரிகிறது. அடுத்த வரி 11.9. அதற்கடுத்து அம்மா எழுதியிருந்தது: "வேகத்தடை ஏறி இறங்கியதும் 14". இரண்டு நாளும் இதே கதை.

பெரியவர் அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் பானெட்டைத் திறந்தார். என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மீட்டரை பேட்டரியில் மாட்டினார், 12.1. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் டைனமோவின் பின்பக்கம் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார். மீட்டர் 14-க்கு ஏறியது, விளக்கு அணைந்தது. "கார்பன் பிரஷ்" என்றார்.

கழற்றியதும் என் உள்ளங்கையில் புதுசையும் பழசையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதுசு சுண்டுவிரலின் மேல் கணு நீளம், பழசு அதில் கால்வாசிகூட இல்லை, ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து ஸ்பிரிங் அதற்குமேல் தள்ள முடியாமல் கடைசி எல்லையில் நின்றிருந்தது. டைனமோவுக்குள் சுழலும் ரோட்டார் காந்தமாக வேண்டுமென்றால் அதற்குக் கொஞ்சம் கரண்ட் போக வேண்டும், அது இந்த இரண்டு கரித்துண்டுகள் வழியாகத்தான் ரோட்டாரோடு சுற்றும் ஸ்லிப் ரிங் என்ற உலோக வளையங்களுக்குப் போகிறது. அந்தத் தொடுப்பு விட்டால் பெல்ட் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சார்ஜ் கிடையாது. சூடு ஏறினால் தொடுப்பு விடும், ஒரு குலுக்கலில் மறுபடி தொடும். விட்டு விட்டு வந்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

புது பேட்டரி ஏன் மூன்று வாரம் மட்டும் தாங்கியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. டைனமோ வேலை செய்யாதபோது ஹெட்லைட், ஃபேன், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 25, 30 ஆம்பியர் பேட்டரியிலிருந்துதான் போகிறது. என்னுடையது 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, முழு சார்ஜில் இருந்தாலே ஒரு மணி நேரம் தாங்குவது சந்தேகம். வழியில் பாதி தூரம் செலவழித்து, பாதி தூரம் கொஞ்சம் ஏற்றி என்று நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நிறுத்தி சில மணி நேரம் கழித்து அளந்தால் நல்ல பேட்டரி 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். பல நாள் அரைச் சார்ஜிலேயே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் படிந்து நல்ல பேட்டரியும் கெட்டுப்போகும்.

பிரஷ்ஷோடு அவர் விடவில்லை. ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு, என்ஜின் ஓடும்போதே டைனமோவின் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அளந்தார், 0.6 வோல்ட் வழியிலேயே இழப்பாகிறது. 0.2-க்கு மேல் இருக்கக் கூடாதாம். என்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டையின் போல்ட்டில் பச்சையாகப் பூத்திருந்தது, சுரண்டி இறுக்கியதும் 0.1. பிளஸ் பக்கமும் இதே மாதிரி டைனமோவின் பெரிய ஒயர் முனைக்கும் பேட்டரி பிளஸுக்கும் அளக்க வேண்டும். மீட்டரை ஏசி வோல்டேஜ் அளக்கும் நிலையில் வைத்து பேட்டரியில் அளந்தார், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டைனமோவின் ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டயோடு போயிருக்கும், அப்படிப் போன டயோடு வண்டி நிற்கும்போதுகூட ராத்திரியெல்லாம் பேட்டரியைக் குடிக்கும் என்றார். பெல்ட்டையும் பார்த்தார். மழைநாள் காலையில் கீச்சென்று கத்தினால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். பிரஷ் செட், ஸ்லிப் ரிங் சுத்தம் பண்ணியது, கூலி எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். இரண்டு பேட்டரிக்கு நான் கொடுத்தது 9,400. அதில் முதலாவதில் ஒரு குறையும் இல்லை, இரண்டாவது வாங்கும்போது பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கோளாறே இல்லாத பேட்டரியை ஈயத்துக்காக உடைப்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் போன இடங்களில் ஒன்றில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கவில்லை, டைனமோ ஓகே என்று காட்டினார்கள். தயவுசெய்து யாரும் இதை அனுமதிக்காதீர்கள். கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் கால வண்டிகளில் செய்த பழக்கம் இது. பேட்டரி இணைப்பு அறுந்த நொடியில் வோல்டேஜ் எகிறும், வண்டியின் கம்ப்யூட்டரான இசியூ போனால் செலவு டைனமோவையே மிஞ்சும். அதோடு இந்தச் சோதனையால் விட்டு விட்டு வரும் கோளாறு தெரியவும் செய்யாது.

புது மாடல் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கிறது, பேட்டரி நிறைந்திருந்தால் 12.8 கூடக் காட்டும். அது கோளாறு இல்லை, ஹெட்லைட் போட்டதும் ஏறுகிறதா என்று பாருங்கள். அப்புறம், சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆவதற்கு முன் பேட்டரி விளக்கு எரிந்தாக வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் டைனமோ விழிக்கத் தேவையான முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது, பல்பு போனாலே சார்ஜ் தகராறு வரும்.

ராத்திரியில் நடுவழியில் விளக்கு எரிந்தால் ஏசி, ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள், ஹெட்லைட்டை மட்டும் விட்டுவையுங்கள். டீக்கடையில் என்ஜினை அணைக்காதீர்கள், மறுபடி எடுக்காது. அதே நேரம் டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம், பல வண்டிகளில் தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, உடனே ஓரம் கட்டிவிடுங்கள்.

ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்களிடம் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். பேட்டரியோ டைனமோவோ மாற்றச் சொல்வதற்கு முன், சூடான என்ஜினில் லைட்டெல்லாம் போட்டு அளந்த வோல்டேஜையும், பிளஸ், எர்த் இரண்டு பக்க இழப்பையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். மூன்று எண்கள்தான், அளக்க பத்து நிமிஷம் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
மணப்பாறை