ஐவர்மலைப் படிக்குக் கைப்பிடி: ஆடி அமாவாசைக்குள் முடிக்கக் கைகொடுங்கள்

ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளே, வணக்கம்.

ஆடி அமாவாசைக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. போன ஆடியில் தூறலில் வழுக்கி ஒரு பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அன்றைக்கே பேசித் தொடங்கிய கைப்பிடி வேலை பாதிப் படியோடு நிற்கிறது. அதற்கு மேல் வெறும் குழிகள்தான்.

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் நம் குன்று சிறியதுதான். ஆனால் பஞ்சபாண்டவர் தங்கிய மலை என்று தாத்தாக்கள் சொன்ன அதே பாறையில் சமணர் வணங்கும் ஞானிகளான தீர்த்தங்கரர்கள் 16 பேர் சிற்பமாக வரிசையாக இருக்கிறார்கள். அவர்களில் பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்பு படமெடுத்து நிற்கும். பக்கத்தில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு: சக ஆண்டு 792, வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டு. அதாவது கி.பி. 870. வரகுணன் 862இல் பட்டமேறினான் என்று வரலாற்றில் எழுத முடிந்ததே இந்தக் கல்லால்தான்! குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவரையும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வத்தையும் ‘புதுக்கி’ (புதுப்பித்து), தடைபடாத படையலுக்கும் ஓர் அடிகளின் (சமணத் துறவியின்) சோற்றுக்கும் 505 காணம் (அந்தக் காலப் பொன் அளவு) பொன் வைத்தார். 1,150 வருஷத்துக்கு முன்பே இங்கே திருப்பணி நடந்திருக்கிறது.

சரி, செலவுக்கு வருவோம். கைப்பிடி 1,85,000, தண்ணீர்த் தொட்டி 42,000, கல்வெட்டுச் செய்தியைத் தமிழில் சொல்லும் பலகை 18,000. மொத்தம் 2,45,000 ரூபாய். வந்தது 1,61,500. குறைவது 83,500. வேலையெல்லாம் படியில்தான், சிற்பப் பாறையில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டோம்.

மாதம் 500 ரூபாய் தவறாமல் அனுப்பும் திருப்பூர் பனியன் கம்பெனிப் பையன்களே, நூறு நாள் வேலைக் கூலியை முடிச்சோடு கொண்டுவந்து வைத்த அக்காமாரே, வாடகை வாங்காமல் ஜல்லி ஏற்றிவந்த டிராக்டர்கார அண்ணே, விதைக்கு வைத்திருந்த கடலையில் ஒரு மூட்டையைக் கொடுத்த அப்பத்தா, உங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். முருகன் துணையிருப்பான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ‘நான் தருகிறேன்’ என்று எழுந்து சொன்ன சில வீடுகளிலிருந்து இன்னும் எதுவும் வரவில்லை. நோட்டில் பெயர் அப்படியே இருக்கிறது. அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க நீங்களும் இந்தப் படியில்தானே ஏறுகிறீர்கள்?

ஞாயிறுதோறும் காலையில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு அடிவாரத்தில் இருப்பார். நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு. பணம் முடியாதவர்கள் ஒரு நாள் கம்பி சுமக்க வாருங்கள். மாதக் கடைசிக்குள் வெல்டருக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
படிக்கட்டுத் திருப்பணிக் குழுவினர்