மத்தேயு நிறுத்திய இடம்

மானிப்பாய், யாழ்ப்பாணம்
ஆகஸ்ட், திங்கட்கிழமை

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். போனில் நீங்கள் "சாப்பிட்டியா" என்று கேட்பீர்கள், நான் "சாப்பிட்டேன்" என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். மகன் வெளிநாட்டில் ஊழியம் செய்கிறான் என்று கோயிலில் பெருமையாகச் சொல்கிறீர்களாமே, அக்கா சொன்னாள். பாளையங்கோட்டையில் இருந்து சென்னைக்கு ராத்திரி முழுக்க ரயில். சென்னையில் இருந்து பலாலிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. இப்போது நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டிருக்கிறார்கள். ஆனாலும் வெளிநாடுதான். விசாவைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கும்போது அது நன்றாகவே உறைக்கும்.

எந்தச் சபை என்று மாமா கேட்டதற்குப் பதில்: நம்முடையதேதான். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதே யாழ்ப்பாணமும் அதில் சேர்ந்துவிட்டது. ஒரு பேராயரின் கீழ் வரும் பகுதியை நாம் திருமண்டலம் என்கிறோம், இவர்கள் ஆதீனம் என்கிறார்கள்.

திங்கட்கிழமை எனக்கு ஓய்வு. துணி துவைக்கும் நாள். இங்கே வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது அம்மா. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவனுக்கு அதுதான் முதலில் கஷ்டமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கிணறுதான். பூமிக்கு அடியில் சுண்ணாம்புக் கல் என்பதால் தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. மற்ற நாட்களில் சைக்கிள். இந்த மாதங்களில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும், எதிர்க்காற்றில் மிதித்தால் கால் கழன்றுவிடும் போல இருக்கும். பனை மட்டும் நம் தேரிக்காடு மாதிரியே எங்கும் நிற்கிறது. இப்போது பனம்பழக் காலம். போகிற வீட்டில் எல்லாம் பனங்காய்ப் பணியாரம் தந்துவிடுகிறார்கள்.

வீடு சந்திப்பு என்றால் ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து வருவது என்று நினைத்திருந்தேன். பல வீடுகளில் வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள், பிள்ளைகள் கனடாவில், லண்டனில், பாரிஸில். போனில் படம் வரவில்லை, சரிசெய்து கொடு. கிளினிக் அட்டையில் என்ன தேதி போட்டிருக்கிறது, வாசித்துச் சொல். பாதி நாள் அதிலேயே போகிறது. ஓய்வுநாள் பள்ளிக்குச் சிறுவர்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. டியூஷனோடு போட்டி போட யாராலும் முடியாது.

"இந்தியாவில இருந்து இங்க என்னத்துக்கு வந்தனீங்கள்?" என்று சிலர் நேராகவே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்க மிஷனரிகள் 1816-லேயே இங்கே வந்துவிட்டார்கள். வட்டுக்கோட்டையில் 1823-ல் செமினரி, உடுவிலில் 1824-ல் பெண்களுக்குப் பள்ளி. நான் இருக்கும் இந்த மானிப்பாயில் டாக்டர் கிறீன் தமிழ் கற்று, மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார், அதற்கான புத்தகங்களையும் தமிழில் கொண்டுவந்தார். இதற்கெல்லாம் பிறகு பைபிளைத் தூக்கிக்கொண்டு புதிதாக ஏதோ கொண்டுவந்தவன் மாதிரி நான் நின்றால் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சைவ வாத்தியார் ஒருவர் இருக்கிறார். "உங்கட வேதப் புத்தகத்தில எங்கட நாவலற்ற கை பட்டிருக்கு, தெரியுமோ" என்பார். உண்மைதான். பெர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் வேலை செய்திருக்கிறார். நம் வீட்டில் இருப்பது அதற்குப் பிறகு பவர் ஐயரின் குழு செய்தது, ஆனால் அதைச் சொல்லி அவரிடம் வாதாடவில்லை. நல்லூர் கந்தசாமி கோயிலில் 25 நாள் திருவிழா நடக்கிறது. சுற்றிலும் எல்லாரும் மரக்கறிதான், நானும் மீன் வாங்குவதில்லை.

நான் எழுத நினைத்தது வேறு விஷயம். வெள்ளிக்கிழமை வேத ஆராய்ச்சியை ஒரு ஆச்சி வீட்டில் நடத்துகிறோம். அவருடைய மகன் 2009 மே மாதம், யுத்தம் முடிந்த நாட்களில், வட்டுவாகல் பாலத்தடியில் பிரிந்து போனவர். பிறகு தகவலே இல்லை. கிளிநொச்சியில் 2017-ல் இருந்து, இப்படிக் காணாமல் போனவர்களின் தாய்மார் சாலையோரம் கொட்டகை போட்டுப் போராடுகிறார்கள், உடம்பு முடிந்த நாட்களில் இவரும் போவார். எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தோம், 31-ம் அதிகாரம் வந்தது. ராமா என்ற ஊரிலே புலம்பல் கேட்கிறது, இஸ்ரவேலரின் முன்னோர் தாய் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் அடைய மாட்டேன் என்கிறாள். அதற்கு அடுத்தே, அழாதே, உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்ற வாக்குத்தத்தம். அதையும் வாசித்தேன். ஆச்சி அமைதியாகச் சொன்னார்: "அது எனக்கு மனப்பாடம், தம்பி. வாற ஆக்கள் எல்லாரும் அதைத்தான் வாசிச்சுப்போட்டுப் போறவை."

அன்று இரவு மத்தேயு சுவிசேஷத்தின் 2-ம் அதிகாரத்தை எடுத்தேன். ஏரோது ராஜா பெத்லகேமில் குழந்தைகளைக் கொன்ற இடத்தில் மத்தேயு இதே வசனத்தைத்தான் எடுத்து எழுதுகிறார். ஆனால் ராகேலின் அழுகையோடு நிறுத்திவிடுகிறார். அடுத்த வரியை எழுதவில்லை. எத்தனையோ கிறிஸ்துமஸ் காலத்தில் இதைக் கேட்டிருக்கிறோம், எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. ராமா என்பது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோக வேண்டியவர்களை விலங்கிட்டுச் சேர்த்து வைத்த இடம். அவர் புத்தகத்தின் 40-ம் அதிகாரத்தில் எரேமியாவும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அங்கிருந்து போனவர்களின் சந்ததியாவது திரும்பி வந்தது. பெத்லகேம் குழந்தைகள் திரும்பவில்லை. அந்தத் தாய்மாரிடம் போய், பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்ற எரேமியாவின் 17-ம் வசனத்தை எப்படிச் சொல்வது? மத்தேயுவிடம் சொல்ல நல்ல செய்தி இல்லாமல் இல்லை. உயிர்த்தெழுதலைச் சொல்ல இன்னும் 26 அதிகாரம் காத்திருக்கிறார்.

ஞாயிறு பிரசங்கத்தில் இதைச் சொல்லி, அந்த இடத்திலேயே முடித்தேன். வெளியே வந்ததும் சபையில் மூத்தவர் ஒருவர், "பிரசங்கம் எண்டால் ஒரு நம்பிக்கையோட முடிக்க வேணும் தம்பி" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். மறுபடி அந்த வசனம் வந்தாலும் அப்படித்தான் முடிப்பேன். ஆச்சி பிரசங்கத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மகனின் பள்ளிக்கூடப் படத்தை முதல் தடவையாக எடுத்துக் காட்டினார், அவனுக்குக் கணக்கு வராது என்று சொல்லிச் சிரித்தார்.

அப்புறம், தங்கச்சியின் பரீட்சைக்கு ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். கருப்பட்டி அனுப்ப வேண்டாம், இங்கேயே பனங்கட்டி கிடைக்கிறது. ஆச்சி உங்கள் நம்பரைக் கேட்டார், கொடுத்திருக்கிறேன். 94-ல் தொடங்கும் நம்பர் வந்தால் தெரியாத ஆள் என்று கட் பண்ணிவிடாதீர்கள். முதலில் பேச்சு வேகமாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

உங்கள் அன்பு மகன்