பக்கத்து வீட்டு வேலியும் சங்கத்தின் மௌனமும்

எல்லாருக்கும் வணக்கம். பக்கத்து வீட்டுக்காரர் அனுமதி வாங்காமல் 8 அடிக்கு வேலி எழுப்பிவிட்டார், வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு (HOA) மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை என்று நேற்று ராத்திரி இங்கே ஒருவர் புலம்பியிருந்தாரே, அவருக்குத்தான் இது.

கலிபோர்னியாவில் சங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் நாம் நிற்க வேண்டியதில்லை. வீடு வாங்கும்போது கொடுத்து, நாம் பிரித்தே பார்க்காமல் அலமாரியில் செருகி வைத்த அந்தத் தடித்த சிசி அண்ட் ஆர் (CC&R) என்கிற நிபந்தனை ஆவணம் இருக்கிறதே, அதிலுள்ள நிபந்தனையை மீறினால் எந்த வீட்டு உரிமையாளரும் நேரடியாக வழக்குப் போடலாம் என்கிறது மாநில சிவில் சட்டத்தின் (சிவில் கோட்) 5975ஆம் பிரிவு. ஆனால் சங்கத்தின் நிர்வாகக் குழு (போர்டு) பின்னால் போட்ட விதி என்றால் கதை வேறு. அதைப் பக்கத்து வீட்டார்மேல் சங்கம்தான் அமல்படுத்த முடியும். அதனால் வேலி உயரம் எதில் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கோர்ட்டுக்கு ஓடுவதற்கு முன் மத்தியஸ்தத்துக்கு எழுத்தில் அழைக்க வேண்டும். கடிதம் கிடைத்து 30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகக் கணக்கு. இன்னொன்று, தோற்றால் எதிராளியின் வக்கீல் செலவும் நம் தலையில்தான்.

நானாக இருந்தால் முதலில் ஒரு டப்பா முறுக்கோடு போய்ப் பேசிப் பார்ப்பேன். சரி, வேலி பற்றிய பக்கத்தைப் படமெடுத்து இங்கே போடுங்கள்.