மால்ல விக்கிற மாங்கன்னுல ஒரு விவரச் சீட்டு கட்டுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல மால்ல நடக்குற சனி ஞாயிறு செடி சந்தை பத்தி கலர் போட்டோவோட போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த சந்தையில ஒரு வருஷம் முன்னாடி நான் வாங்குன மாங்கன்னு கதைய யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்னு தோணுச்சு, அதான் எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், எனக்கு அந்த சந்தை ரொம்பப் புடிக்கும். நான் இருக்குறது பாபநாசம் பக்கம் ஒரு கிராமம், மாசத்துல ஒரு தடவை மாமியாரையும் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிடுவேன். எஸ்கலேட்டருக்கு கீழ, பாப்கார்ன் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவுல, ஏசி குளுருல அத்தனை பச்சையையும் பாத்தா ஒண்ணும் வாங்கலன்னாலும் மனசு நிறைஞ்சுடும். ஈரத் தேங்காநார் வாசனையும் பாப்கார்ன் வாசனையும் சேந்து வரும். புள்ளைங்க எல்லாம் தொட்டாச்சிணுங்கி தொட்டிய சுத்தி நிக்கும், அறுவது ரூவா போட்டிருந்தான் அதுக்கு, எங்க மாமியார் விலைய பாத்துட்டு "ஏம்மா, வரப்புல கால கிழிக்கிற முள்ளு, இதுக்கு அறுவது ரூவாயா"ன்னு சத்தமா கேட்டுட்டாங்க, கடைக்கார தம்பி சிரிச்சுட்டான். நந்தியாவட்டை நூத்தி இருபது. கொல்லையில வீடு கட்டுறப்ப நாங்க வெட்டிப் போட்டது அதுல நாலு மரம்.

சின்ன தொட்டியில இருக்குற பாம்புக் கற்றாழைய "ஆக்ஸிஜன் செடி அக்கா, நாசாவே சொல்லிருக்கு, பெட்ரூம்ல வச்சா காத்து சுத்தமாயிடும்"னு விக்கிறாங்க. 1989ல நாசா சோதனை பண்ணுனது உண்மைதான், ஆனா அது காத்து போக வர வழியில்லாத மூடுன பெட்டிக்குள்ள பண்ணுனது. 2019ல அந்த மாதிரி சோதனை எல்லாத்தையும் சேத்து வச்சு கணக்கு போட்டு பாத்தவங்க, ஜன்னல் வழியா வர்ற காத்து பண்ற வேலைய செடி பண்ணணும்னா ஒரு சதுர மீட்டருக்கு குறைஞ்சது பத்து செடியாச்சும் வேணும், ஆயிரம் கூட ஆகலாம்னு சொல்லிட்டாங்க. அத்தன செடிய வச்சா நாம எங்க படுக்குறது. அதுவும் எங்க ஊட்டுல சுத்தி வயக்காடு. போகட்டும், அழகுக்கு வாங்குறவங்க வாங்கட்டும், நூறு ரூவா போனா போகுது.

மாங்கன்னு அப்படி இல்லங்க.

"இமாம்பசந்த், ஒட்டு, மூணே வருஷத்துல காய்க்கும்"னு சொல்லி 450 ரூவா வாங்குனான். ஒட்டுன்னா, கொட்டையில மொளச்ச ஒரு அடிக்கன்னு மேல நல்ல ரகத்தோட குச்சிய வச்சு கட்டி ஒண்ணாக்குறது. பில்லு கேட்டேன், "செடிக்கு எல்லாம் பில்லு கிடையாதுக்கா"ன்னுட்டான். கன்னுல ஒரு அட்டை தொங்குச்சு, அதுல இங்கிலீஷ்ல மேங்கோன்னு மட்டும் இருந்துச்சு, அது மாங்கன்னுன்னு எனக்கே தெரியும்ல. வீட்டுக்கு கொண்டாந்து கொல்லையில குழி எடுத்து, மக்குன சாணி போட்டு வச்சேன். ரெண்டு மாசத்துல திகுதிகுன்னு தளிர் விட்டுச்சு, எனக்கு பெருமை தாங்கல, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காமிச்சேன். அப்புறம் பாத்தா மேல இருக்குற குச்சி காஞ்சுகிட்டே வருது, கீழ இருந்து வந்த கிளை மட்டும் ஆளு உசரத்துக்கு நிக்குது.

எங்க தெருவுல ஒரு பெரியப்பா இருக்காரு, பண்ணையில ஒட்டு கட்டுற வேலை பாத்தவரு. வந்து குந்தி பாத்தாரு, தண்டுல கைய வச்சு தடவிட்டு, "ஒட்டு கட்டுன பிளாஸ்டிக் நாடாவ அவுக்கவே இல்லையே ஆயி, தண்டு பெருக்கப் பெருக்க அது கழுத்த நெரிச்சிருக்கு, ஒட்டுக்கு கீழ வர்ற தளிர அப்பப்ப கிள்ளி எறியணும், நீ அதத்தான் தண்ணி ஊத்தி வளத்திருக்க, இப்ப நிக்கிறது அடிக்கன்னு, எந்த ஊரு காட்டு மாங்கொட்டையோ"ன்னாரு. ஆக நாலு மாசமா நான் சீராட்டுனது வேற ஆளு புள்ளைய. என் மேலயும் தப்பு இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா விக்கிறப்ப அந்த தம்பி இந்த ரெண்டே ரெண்டு விஷயத்த சொல்லியிருந்தா கன்னு பொழச்சிருக்கும்.

சரி கேட்டுட்டு வருவோம்னு ஒரு திங்கக்கிழமை அந்தப் பக்கம் வேலையா போனப்ப மாலுக்குள்ள போனேன். செடி இருந்த இடத்துல செருப்பு மேளா. சனிக்கிழமை திரும்ப போனேன், அதே இடம் அதே பச்சை துணி, ஆளு வேற. "அவங்க போன மாசமே போயிட்டாங்கக்கா, நாங்க புதுசு." மால் ஆபீஸ்ல கேட்டா இடம் வாடகைக்கு விடுறதோட எங்க வேலை முடிஞ்சுதுங்குறாங்க.

இங்கதான் எனக்கு விஷயம் புரிஞ்சுச்சு. புடவை சாயம் போனா ஒரு துவையல்ல தெரிஞ்சிடும், மிக்ஸி கெட்டுப்போனா வாரன்டி கார்டு இருக்கு. கன்னுல ஏமாந்தா காய் வர்ற வரைக்கும் தெரியாது. கொட்டை போட்டு மொளச்ச மாங்கன்ன ஒட்டுன்னு குடுத்துட்டா ஆறேழு வருஷம் தண்ணி ஊத்துனதுக்கு அப்புறம்தான் தெரியும். 2018 நவம்பர் 16 கஜா புயல்ல பட்டுக்கோட்டை பக்கம் எங்க அண்ணன் தோப்பு மொத்தமும் சாஞ்சு போச்சு, திரும்ப தென்னம்பிள்ள வைக்கிறப்ப அவங்க ரகத்த எத்தன தடவை விசாரிச்சாங்கன்னு கூட இருந்து பாத்தவ நான், ஏன்னா குட்டைன்னா மூணு நாலு வருஷத்துல பாளை வரும், நெட்டைக்கு ஆறேழு வருஷம் காத்திருக்கணும், தப்பா வச்சுட்டா திரும்ப முதல்லேந்து ஆரம்பிக்க வயசு இருக்காது. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் வரைக்கும் போயி கேட்டுட்டு வந்துதான் வச்சாங்க.

இதே அண்ணன்தான் இன்னொரு நாள் என்னை வாங்கு வாங்குன்னு வாங்குனாரு. மால்ல வாங்குன அரிகா பனைத் தொட்டிய அவங்க வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு கொண்டுபோனேன், இலைய திருப்பி பாத்தா அடியில வெள்ளை வெள்ளையா சுருள் கோலம் போட்ட மாதிரி. சுருள் வெள்ளை ஈ, இலைச் சாறு உறிஞ்சுற பூச்சி. நம்ம நாட்டுல முதல்ல 2016ல பொள்ளாச்சி பக்கம் தென்னையில கண்டுபிடிச்சது, இப்ப டெல்டாவுலயும் தோப்பு தோப்பா இருக்கு, இலையெல்லாம் கரி பூசுன மாதிரி ஆயிடும். அவரு ஏற்கனவே மஞ்ச அட்டையில வெளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டி வச்சு அதோட மல்லாடிக்கிட்டு இருக்காரு, நான் போயி அதையே தாம்பூலத்தட்டுல வச்சு குடுத்தா? தொட்டிய வாசல்லயே நிறுத்தி திருப்பி அனுப்பிட்டாரு. ஆந்திராவுல ராஜமுந்திரி பக்கம் கடியம்னு ஊர் முழுக்க நர்சரியா இருக்குற இடம் இருக்கு, அதுவும் நம்மள மாதிரி டெல்டாதான், கோதாவரி டெல்டா. அங்கேந்து லாரி லாரியா தமிழ்நாட்டுக்கு செடி வருது. நல்ல செடிங்கதான், நான் குறை சொல்லல, ஆனா எங்கேந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா வாங்குறவங்க பத்து நாளாச்சும் தனியா வச்சு பூச்சி இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் மத்த செடி பக்கத்துல வைப்பாங்கல்ல.

நான் புதுசா எதுவும் கேக்கல. விதைகள் கட்டுப்பாட்டு ஆணைன்னு 1983லயே ஒண்ணு இருக்கு. விதை மட்டும் இல்ல, காய் பழப் பயிரோட நாத்து, ஒட்டுக்கன்னு, குச்சி எல்லாமே அதுல வருது. விக்கிறவங்க லைசென்ஸ் வாங்கணும், இருப்பையும் விலையையும் எழுதி வைக்கணும், வாங்குறவங்களுக்கு பில்லு குடுக்கணும். மால்காரங்க இடம் குடுக்குறதுக்கு முன்னாடி அந்த லைசென்ஸ் காப்பிய ஒரு தடவை வாங்கி பாத்தா போதும். அப்புறம் ஒவ்வொரு கன்னுலயும் தமிழ்ல ஒரு சீட்டு. ரகம் என்ன, ஒட்டா, பதியனா (கிளையிலயே வேர் விட வச்சு வெட்டி எடுத்ததா), விதையா, எங்கேந்து வந்துச்சு, வெயிலா நிழலா, விக்கிறவங்க போன் நம்பர். அடீனியம் பூச்செடி விக்கிறவங்க "ஐப்பசி கார்த்திகையில மழையில வைக்காதீங்க, கிழங்கு அழுகிடும்"னு ஒரு வரி சேத்து எழுதுனா புண்ணியமா போகும், பூத்துக் குலுங்குறத பாத்து வாங்கிட்டு அடைமழையில மொட்டை மாடியில விட்டு ரெண்டு பறிகொடுத்தேன். மருங்குளம் அரசு தோட்டக்கலை பண்ணைக்கு மாசத்துல ஒரு சனிக்கிழமை ஒரே ஒரு மேசை போட மால்காரங்க இடம் குடுத்தா இன்னும் நல்லது, அவ்வளவு தூரம் போக முடியாதவங்க அங்கேயே வாங்கிக்குவோம்.

இதெல்லாம் ஆகுற காரியமான்னு கேப்பீங்க. ஆகும். போன தடவை கடைசி ஓரத்துல ஒரு அக்கா கடை போட்டிருந்தாங்க, சின்ன கடை, பூதலூர் பக்கம் சொந்த நர்சரியாம். ஐஸ் குச்சியில மார்க்கர் பேனாவால "எலுமிச்சை, பதியன், நல்ல வெயில்"னு எழுதி ஒவ்வொரு பையிலயும் குத்தி வச்சிருந்தாங்க, துண்டு பேப்பர்ல தேதி போட்டு கையெழுத்து வச்சு பில்லும் குடுத்தாங்க. பளபள தொட்டி கிடையாது, அதனால கூட்டமும் இல்ல. எங்க மாமியார் அந்த அக்காகூட அரை மணி நேரம் பேசிட்டு ஒரு பவளமல்லியும் எலுமிச்சையும் வாங்குனாங்க, ரெண்டும் சேத்தே 140 ரூவாதான் ஆச்சு. கும்பகோணம் வெத்தலைக்கு 2025ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க, அந்தக் கொடி ஒண்ணு இந்த சந்தையில எந்தக் கடையிலயும் இல்லையேன்னு அவங்ககிட்ட பொலம்புனேன், "தொட்டியில நிழல்ல நல்லா வரும், அடுத்த சனிக்கிழமை எடுத்துட்டு வர்றேன், வேர் விட்டதா பாத்து தர்றேன்"னாங்க. முன்பணம் அம்பது ரூவா குடுத்துட்டு வந்திருக்கேன், அதுக்கும் சீட்டு இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.